தயவு கேட்காதீர்கள், சட்டப் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள்

கேரளத்தின் தேவிகுளம், மூணாறு பக்கத்தில் வக்கீலான என்னிடம் வரும் மனுக்களில் பாதிக்குமேல் ‘ஐயா, கருணை கூர்ந்து’ என்றுதான் தொடங்கும். டீக்கடையில் சர்க்காரை வறுத்தெடுத்தவர்தான் எழுதியிருப்பார். காகிதத்தில் அந்தக் கோபத்தைக் காணோம். லயம் என்கிற தோட்ட வரிசை வீடு ஒழுகினால்கூடக் கெஞ்சல்தான். தோட்டத் தொழிலாளிக்கு வீடு தருவது முதலாளியின் கடமை என்று 1951-லேயே சட்டம் வந்துவிட்டது.

2015 செப்டம்பரில் மூணாறில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். முந்தைய ஆண்டு 19 சதவீதமாக இருந்த போனஸை 10 ஆக்கியதும் கொழுந்து பறிக்கும் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். ‘பெம்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை) என்ற இயக்கம் அப்படித்தான் பிறந்தது. கம்பெனிமேல் இருந்த கோபத்துக்குச் சற்றும் குறையாத கோபம் தொழிற்சங்கத் தலைவர்கள்மேலும் இருந்தது. ஆனால் கோரிக்கையில் குழப்பமே இல்லை: போனஸ் 20 சதவீதம், தினக்கூலி 232-லிருந்து 500 ரூபாய். 20 என்பது 1965-ஆம் ஆண்டு போனஸ் சட்டம் சொன்ன உச்சவரம்பு. ஒன்பது நாள் போராட்டத்தில் அந்த 20 கிடைத்தது. கூலி மட்டும் பிறகு 301-ஓடு நின்றது.

இதில் வக்கீல் கண்ணுக்கு உறுத்தும் ஒன்று உண்டு. அந்த 20-இல் ஒரு பகுதிதான் போனஸ், மீதியைக் கருணைத் தொகை என்று எழுதினார்கள். பணம் கைக்கு வந்தால் சரி என்று தோன்றும். கருணையாக வந்ததை அடுத்த வருஷம் உரிமை என்று வாதாடுவது எவ்வளவு சிரமம் என்பது கோர்ட்டு ஏறினால்தான் தெரியும்.

அதற்கு முன்பும் இங்கே அதிருப்தி கொதித்திருக்கிறது. திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சிமேல் தமிழர்களுக்கு இருந்த கசப்பு, தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கேட்ட போராட்டமாகி, கன்னியாகுமரிப் பக்கத்தில் 1954 ஆகஸ்ட் 11 நடந்த துப்பாக்கிச்சூட்டில் உயிர்ப்பலி வரை போனது. 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது; தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. தோற்றுவிட்டோம் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அதே ஆண்டு அரசியலமைப்பின் ஏழாவது திருத்தத்தில் வந்த 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வழிசெய்யச் சொல்கிறது. குறையை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் எழுதித் தரலாம் என்று 350-ஆம் பிரிவு முன்பே சொல்லிவிட்டது. கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டமோ, சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் தமிழில் எழுதினால் தமிழிலேயே பதில் தர வேண்டும் என்கிறது.

ஆகவே மனுவின் மேலேயே பிரிவு எண்ணை எழுதுங்கள். கேட்பதை ஒரே வரியில் எழுதி, தேதி போட்டு, ரசீது வாங்குங்கள். வில்லேஜ் ஆபீஸில் ‘மலையாளத்தில் கொண்டு வா’ என்றால், சண்டை போட வேண்டாம். அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். எழுதித் தருவதற்குப் பதில், பெரும்பாலும் மனுவையே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.