பால் மறந்த பன்றிக்குட்டிக்குப் புரதத்தைக் குறையுங்கள்

தாயிடமிருந்து பிரித்த 3 முதல் 7 நாட்களுக்குள் வெண்பன்றிக் குட்டிகள் தண்ணீராகக் கழிவதுண்டு. பண்ணையாளர்கள் பலரும் முதலில் ஊசியைத் தேடுகிறார்கள். குட்டி மெலிந்துவிட்டதே என்று அடுத்த வாரம் புரதம் மிகுந்த புண்ணாக்கைக் கூட்டுகிறார்கள். அது கழிச்சலுக்கே தீனி போடுவதாகும்.

பாலை மட்டுமே அறிந்த குட்டி, பிரித்த முதல் ஓரிரு நாட்கள் சரியாகத் தின்னாது. குடல் பட்டினி கிடக்க, சத்தை உறிஞ்சும் விரல் போன்ற குடலுறிஞ்சிகள் குட்டையாகிவிடும். இரைப்பையில் அமிலமும் இன்னும் போதிய அளவு சுரக்காது. இந்த நிலையில் 22% புரதமுள்ள தீவனம் போனால் பாதி செரித்தும் செரிக்காமலும் பெருங்குடலுக்கு இறங்கும். அங்கே கிருமிகள் அதை நொதிக்க வைத்து அம்மோனியாவையும் குடலை எரிச்சலூட்டும் அமைன்களையும் உண்டாக்கும். கழிச்சலை உண்டாக்கும் ஈ. கோலை கிருமி பெருகுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

குட்டிக்கு வேண்டியது வெறும் புரதமல்ல, அது செரித்துப் பிரியும் சிறு கூறுகளான அமினோ அமிலங்கள். அவற்றில் தசை வளர லைசின் முதன்மையானது. 7 முதல் 11 கிலோ எடையுள்ள குட்டியின் தீவனத்தில் செரிக்கக்கூடிய லைசின் 1.35% அளவுக்கு இருக்க வேண்டும். த்ரியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தைக் குடலே பெருமளவு எடுத்துக்கொள்ளும், ஏனென்றால் குடற்சுவரைக் காக்கும் வழவழப்புப் படலம் அதைக் கொண்டுதான் உருவாகிறது. கழிச்சல் வந்த குட்டி இந்தப் படலத்தையும் இழப்பதால், அதற்குத் த்ரியோனின் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும்.

கணக்கு இதுதான். 100 கிலோ தீவனத்தில் 8 கிலோ சோயாப் புண்ணாக்கை எடுத்துவிட்டு 8 கிலோ மக்காச்சோளம் சேர்த்தால் புரதம் 22 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 19 சதவீதமாகக் குறையும். கூடவே குறையும் அமினோ அமிலங்களை ஈடுகட்ட, லைசின் ஹைட்ரோகுளோரைடு (லைசினின் உப்பு வடிவம்) சுமார் 270 கிராம், த்ரியோனின் 120 கிராம், மெத்தியோனின் 75 கிராம், டிரிப்டோபான் 45 கிராம் சேர்க்க வேண்டும். லைசினை மட்டும் வாங்கிப் போட்டு மற்றதை விட்டால் பணம் வீண். எந்த அமினோ அமிலம் குறைகிறதோ, வளர்ச்சி அந்த அளவோடு நின்றுவிடும். புரதத்தை 17 சதவீதத்துக்குக் கீழே இறக்கவும் கூடாது. அப்போது வாலின், ஐசோலூசின் என்ற வேறு இரு அமினோ அமிலங்களும் பற்றாமல் போகும்.

இந்தச் சிறு அளவுகளை 100 கிலோ குவியலின் மேல் நேரடியாகத் தூவிக் கிளறினால் ஒரு குட்டிக்கு அள்ளிக் கிடைக்கும், இன்னொன்றுக்கு ஒன்றுமே கிடைக்காது. முதலில் 2 கிலோ மக்காச்சோள மாவில் கலந்து, அதை 10 கிலோவாக்கி, பிறகு முழுத் தீவனத்தில் சேருங்கள்.

குடல் செல்களுக்கு எரிபொருளாவது குளூட்டமின் என்ற அமினோ அமிலம். தாய்ப்பாலில் அது தாராளமாக உண்டு. முதல் இரண்டு வாரத் தீவனத்தில் 1% சேர்த்தால் குடலுறிஞ்சிகள் தேய்வது குறையும். விலை அதிகம்தான். மேலே சொன்ன லைசின் முதலான நான்கும் சரியான பிறகே இதற்குச் செலவழியுங்கள்.

விலை மலிவு என்று சோயாவுக்குப் பதில் கடலைப் புண்ணாக்கைப் போடுபவர்கள் கவனிக்க வேண்டும்: அதில் லைசின் சோயாவில் உள்ளதில் பாதிதான், பூஞ்சை நஞ்சு இருக்கும் அபாயமும் உண்டு. பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருப்பதால் வறுக்காமல் தரக்கூடாது. கருகும் வரை வறுத்தாலும் லைசின் பயன்படாமல் போய்விடும். சுண்ணாம்புக்கல் தூளையும் அள்ளிப் போடாதீர்கள். இருக்கிற கொஞ்ச அமிலத்தையும் அது முறித்துவிடும்.

கழிச்சலுக்கு வழக்கமாகக் கொடுத்துவந்த கொலிஸ்டின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை, உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்குத் தருவதை இந்தியா 2019 ஜூலையில் தடை செய்தது. கழிச்சலைத் தடுக்க அதிக அளவில் துத்தநாக ஆக்சைடு கொடுப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் நிறுத்திவிட்டது. எனவே தீவனத்தைச் சரிசெய்வது இனி தவிர்க்க முடியாத வேலை.

பிரித்த முதல் மூன்று நாட்கள் தீவனத்தை வெதுவெதுப்பான நீரில் கஞ்சிபோல் கரைத்து, ஒரு நாளைக்கு 5 அல்லது 6 முறை கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். மிச்சத்தைப் புளிக்கவிடாமல் எடுத்துவிடுங்கள். கழியும் குட்டிக்கு, கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுங்கள். சாணத்தில் ரத்தம், கண்ணிமை வீக்கம், தள்ளாட்டம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தால் தீவனக் கணக்கை ஒத்திவைத்துவிட்டு அன்றே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.