பருப்பு நன்றாக வேகும், பல்தான் பழுக்கும்

தர்மபுரிப் பக்கம் சிலர் சிரிக்கும்போது பல்லில் பழுப்புக் கோடுகள் தெரியும். வெற்றிலைக் கறை இல்லை, தேய்த்தாலும் போகாது. சின்ன வயதில் பல் ஈறுக்குள் உருவாகும்போதே குடிநீர் வழியாக வந்து சேர்ந்த ஃபுளோரைடு விட்ட தடம் அது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர அளவு. அங்கே பல போர்வெல்கள் அதைத் தாண்டுகின்றன.

எந்த ஆலையும் கொட்டியதல்ல, பாறை கொடுத்ததுதான். மழைநீரில் உப்பு என்று சொல்லிக்கொள்ள அதிகமில்லை. மண்ணில் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு சோடா மாதிரி லேசான அமிலமாகிறது. அது கருங்கல் வெடிப்புகளில் ஊர்ந்து கல்லை மெல்ல அரிக்கிறது. உடைத்த கல்லில் கறுப்பாக மின்னும் தகடு இருக்கிறதே, பயோடைட் மைக்கா, ஃபுளோரைடில் ஒரு பங்கு அதிலிருந்து வருகிறது. ஆழத்தில் வெகுகாலம் கிடந்த தண்ணீர் கல்லிடம் அதிகமாக வாங்கியிருக்கும்.

சரி, கல்லில் இருப்பதெல்லாம் தண்ணீரில் தங்கிவிடுமா? கால்சியம் விடாது. அது தாராளமாக இருந்தால், ஃபுளோரைடு ஓரளவுக்கு மேல் ஏறும்போது இரண்டும் சேர்ந்து ஃபுளோரைட் என்ற கனிமமாகப் படிந்துவிடும். சிக்கல் கால்சியம் குறையும்போதுதான். வறண்ட மண்ணில் நீர் ஆவியாக, கால்சியம் சுக்கான் கல்லாக ஒதுங்குகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் ஒட்டும் வெள்ளைப் படிவும் அதே சரக்குதான். களிமண் வேறு தன் பங்குக்குக் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. தண்ணீரின் காரத்தன்மையும் கூடிவிட்டால், மைக்காவில் ஃபுளோரைடு இருந்த இடத்தில் ஹைட்ராக்சைடு போய் உட்கார்ந்து அதை வெளியே தள்ளுகிறது.

இதில் எனக்கு வேடிக்கையாகப் படுவது ஒன்று. கால்சியம் போன தண்ணீரில் சோப்பு நன்றாக நுரைக்கும், பருப்பு சீக்கிரம் வேகும். ‘நல்ல தண்ணி’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் அதைத்தான். ஃபுளோரைடுக்கோ நிறமில்லை, மணமில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் சுண்டச் சுண்ட இன்னும் செறிவாகும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் திட்டத்தின் பெயரிலேயே ‘ஃபுளோரோசிஸ் தணிப்பு’ என்று உண்டு; ஃபுளோரைடு மிகுந்து வரும் இந்தப் பாதிப்புக்குத்தான் ஃபுளோரோசிஸ் என்று பெயர். 2013இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. திறந்தவெளியில் ஓடும் ஆற்றுநீருக்குக் கல்லோடு அவ்வளவு நாள் உறவாட நேரம் கிடைப்பதில்லை.