அம்மாவின் வீட்டுக்கு இன்னோர் அட்டைப்பெட்டி வேண்டாம்

தை மாதம் முடிவதற்குள் இந்த ஆண்டும் அந்த அழைப்பு வந்துவிட்டது. பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். 71 வயது அம்மாவுக்குத் தொடையெலும்பின் கழுத்துப் பகுதி முறிந்து, மூட்டில் பாதியை மாற்றும் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. வீட்டிற்கு வந்து நடக்கப் பழக்கிவிட முடியுமா என்று பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் கேட்டார். எப்படி விழுந்தார் என்று விசாரித்தபோது, மகன் பொங்கலுக்கு வாங்கி வந்த டின்னர் செட்டைப் பெட்டி பிரிக்காமல் பரணில் ஏற்றுவதற்காக, காணும் பொங்கலுக்கு மறுநாள் பிளாஸ்டிக் முக்காலி மீது ஏறியிருக்கிறார் என்று தெரிந்தது. அந்த முக்காலியும் போன தீபாவளிக்கு மருமகள் வாங்கிக் கொடுத்ததுதான்.

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வீடு வீடாகச் சென்று சிகிச்சை அளிக்கும் இயன்முறை மருத்துவர் என்ற முறையில், இப்படிப்பட்ட வீடுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். நோயாளியைத் தொடுவதற்கு முன் அளவு நாடாவைத்தான் எடுக்கிறேன். பிடித்து நடக்க உதவும் வாக்கரின் அகலம் ஏறத்தாழ இரண்டடி. இந்த அம்மாவின் கட்டிலுக்கும் பீரோவுக்கும் இடையே மிஞ்சியிருந்த வழி ஒன்றேகால் அடி. மீதி இடத்தில் மின்சார அடுப்பு, பிரிக்காத இரண்டு போர்வைப் பைகள், கால் பிடித்துவிடும் இயந்திரம், சுவரில் இடமில்லாததால் தரையில் சாய்த்து வைத்த இரண்டு கடிகாரங்கள். அரசு 2006-க்குப் பிறகு கொடுத்த வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி அந்த அறையின் மூலையில் இன்னும் துணி போர்த்தி உட்கார்ந்திருக்கிறது. நலம் விசாரிக்க வந்தவர்கள் கொண்டுவந்த சத்துமாவு பாட்டில்கள் மட்டும் பதினொன்று. அந்த அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்பதை யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

"பிடிக்கவில்லை என்றால் யாருக்காவது கொடுத்துவிடட்டுமே, நாங்களா வேண்டாம் என்கிறோம்?" என்று பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். எனக்கு எரிச்சல் மூட்டுகிற வாதம் இதுதான், எனவே விரிவாகவே சொல்கிறேன். உங்கள் தாய் தந்தையர் நீங்கள் கொடுத்த பொருளை யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். அடுத்த முறை வரும்போது பையன் கேட்பான், மருமகள் முகம் வாடும் என்று அதை வைத்திருப்பார்கள். பயன்படுத்தவும் மாட்டார்கள், பழைய அலுமினியப் பாத்திரமே போதும் என்று, புதியதைப் பேத்தியின் கல்யாணச் சீருக்கு எடுத்து வைப்பார்கள். தூக்கிப் போடுவது என்ற பேச்சே கிடையாது, ஏனென்றால் விலை தெரியாவிட்டாலும் விலை அதிகம் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆக, வீட்டுக்குள் நுழைந்த பெட்டி வெளியேறுவதே இல்லை. தரையில் இடம் தீர்ந்ததும் பரணுக்குப் போகிறது, அதை ஏற்றி வைப்பவர் எழுபது வயதுக்காரர். நீங்கள் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறிவிடுகிறீர்கள், காவல் காக்கும் வேலை அவர்களுக்கு வந்து சேருகிறது.

எங்கள் மாவட்டங்களில் முதியவர்கள் விழுந்து எலும்பு முறிவதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வரும் முன், ஃபுளூரைடு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரையே பல ஆண்டுகள் குடித்து வாழ்ந்த தலைமுறை இது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளூரைடு இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணய வரம்பு. அதை மீறிய நீரை நெடுங்காலம் குடித்தவர்களில் பலருக்குக் கழுத்தும் முதுகும் இறுகிவிடும். குனிந்து தன் காலடியைப் பார்க்கவே முடியாது. எக்ஸ்ரேயில் எலும்பு வெள்ளை வெளேரென்று அடர்த்தியாகத் தெரியும், ஆனால் அந்த அடர்த்திக்கு ஏற்ற வலு இருக்காது. அப்படிப்பட்டவர் இரவில் சிறுநீர் கழிக்க எழுந்து, இருட்டில், பெட்டிகளுக்கு இடையே நடக்கிறார்.

கால் பிடித்துவிடும் இயந்திரங்களைக் கேட்காமல் வாங்காதீர்கள். நீண்டகாலச் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவருக்குச் சூடு கொடுக்கும் கருவி எதுவாக இருந்தாலும், தோல் வெந்தபிறகுதான் தெரியும். பளபளக்கும் சிறு விரிப்புகளும் வேண்டாம். ஓரம் சுருண்டால் கால் தடுக்கும், டைல்ஸ் தரையில் வழுக்கும்.

நீங்கள் ஊர் திரும்பும்போது அம்மா கட்டிக் கொடுக்கும் பையை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். ராகி மாவு, புளி, கொள்ளு, மாங்காய் ஊறுகாய், மரத்தில் இருந்தால் நான்கு மாம்பழம். ஒரு மாதத்தில் அத்தனையும் தீர்ந்துவிடும், பை மட்டும் மிஞ்சும். உங்கள் அடுக்குமாடி வீட்டில் இடம் எவ்வளவு என்று அறிந்து கொடுப்பதைப் போலத் தெரிகிறது. அதே கணக்கை நீங்கள் திருப்பிச் செலுத்தினால் போதும்.

கட்டாயம் ஏதாவது கொடுத்தே தீர வேண்டும் என்றால், சுவரில் பொருத்தக்கூடியதைக் கொடுங்கள். கழிவறையில் உட்கார்ந்து எழும் இடத்தில் ஒன்றரை அங்குலப் பருமனுள்ள கைப்பிடிக் கம்பி, துளையிட்டுத் திருகாணி போட்டு முடுக்கியது. உறிஞ்சி ஒட்டும் வகை உடல் எடையைத் தாங்காது. கட்டிலிலிருந்து கழிவறை வரை தாழ்வான இரவு விளக்கு. பின்பக்கம் வார் உள்ள, பாத அளவு எடுத்து வாங்கிய செருப்பு. கண்புரை இருக்கிறதா என்று பார்க்க அழைத்துச் செல்லும் ஒரு பகல். நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லிப் பாருங்கள். 15 விநாடிக்கு மேல் ஆனால் தொடைத் தசை வலுவிழந்திருக்கிறது, பயிற்சி தேவை என்று பொருள். பரணில் இருப்பதை நீங்களே இறக்கி, அவர் முன்னிலையில், அவர் சம்மதத்தோடு பங்கிட்டுக் கொடுத்துவிடுங்கள். "நானே கொடுக்கச் சொன்னேன் அம்மா" என்று பிள்ளை வாயால் சொன்னால்தான் அவர்களுக்கு மனம் வரும். தயவுசெய்து அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிடுங்கள்.

பாலக்கோட்டு மகன் பத்து நாள் முன்பு மீண்டும் அழைத்தார். அம்மாவுக்கு எந்த மசாஜ் நாற்காலி நல்லது என்று கேட்டார். துளையிடும் இயந்திரத்தை இரவல் வாங்கிக்கொண்டு சனிக்கிழமை வாருங்கள் என்றேன், வந்தார். அறையில் இப்போது இரண்டரை அடி வழி இருக்கிறது, வாக்கர் இடிக்காமல் போகிறது. டின்னர் செட் மட்டும் பேத்திக்கென்று பரணிலேயே இருக்கிறது. அதை நான் வற்புறுத்தவில்லை. கழிவறையில் கம்பி முடுக்கியதும், அதைப் பிடித்து இரண்டு முறை உட்கார்ந்து எழுந்து பார்த்துவிட்டு, "இதுல துண்டு காயப் போடலாமா சார்?" என்று அந்த அம்மா கேட்டார். கூடவே கூடாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.