புது லேப்டாப்புக்கு மாத்துறீங்களா? பழசை உடனே வித்துடாதீங்க

மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10 சப்போர்ட்டை நிறுத்துனதுக்கு அப்புறம் ரங்கூன்ல எங்க கடைக்கு புது லேப்டாப்பும் கையுமா வர்ற நம்ம ஆளுங்க கூடிட்டாங்க. பழைய மெஷின் நல்லாத்தான் ஓடும், ஆனா டிபிஎம் 2.0-ங்கற பாதுகாப்பு சிப் இல்ல, அதனால விண்டோஸ் 11 ஏறாது. வந்தவுடனே "தம்பி, டாகுமெண்ட்ஸ், போட்டோ மட்டும் மாத்திக் குடுத்துருங்க, மத்ததெல்லாம் வேணாம், இத சாயங்காலமே வித்துரணும்"னு சொல்லுவாங்க. நான் விக்க விட மாட்டேன். ஏன்னா போட்டோ தொலைஞ்சுதுன்னு யாரும் திரும்பி வர்றதில்ல, நெனச்சே பாக்காத எதையாவது விட்டுட்டுத்தான் வருவாங்க.

அதுல மொத ஆளு ஃபான்ட். கோயில் கமிட்டி ஐயா ஒருத்தரு பல வருஷத்து திருவிழா நோட்டீஸ், உபயகாரர் லிஸ்ட் எல்லாம் ஒரு பென்டிரைவ்ல தானே காப்பி பண்ணிட்டாரு, புது லேப்டாப்ல தொறந்தா தமிழே இல்ல, "தமிழ்"னு இருக்க வேண்டிய எடத்துல ஜே, கே, பி, ஓ, பக்கத்துல ஒரு செமிகோலன், பக்கம் முழுக்க இதே மாதிரி. வைரஸ்னு பதறிட்டாரு. ஃபைலுக்கு ஒண்ணும் ஆகல. பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்சதுக்குள்ள இருக்குறது இங்கிலீஷ் எழுத்துதான், ஃபான்ட் தான் அத தமிழா வரைஞ்சு காட்டுது, ஃபான்ட் இல்லன்னா உள்ள இருக்குறது அப்படியே தெரியும். பழைய மெஷின் இன்னும் வீட்ல இருந்ததால தப்பிச்சோம்.

பழைய மெஷின்ல இருந்து ஃபான்ட் எடுக்குறப்ப சி டிரைவ்ல விண்டோஸுக்குள்ள இருக்குற ஃபான்ட்ஸ் ஃபோல்டர மட்டும் பாத்துட்டு விட்றாதீங்க. விண்டோஸ் 10-ல 2018 கடைசியில வந்த அப்டேட்டுல இருந்து ஒரு ஃபான்ட்டை சும்மா இன்ஸ்டால் குடுத்தா அது அந்த யூசரோட ஆப்டேட்டா (AppData) ஃபோல்டருக்குள்ள போய் உக்காந்துக்கும், அது மறைஞ்சிருக்குற ஃபோல்டர், ரெண்டு எடமும் தேடணும். இன்னொண்ணு, முக்கியமான நோட்டீஸ், கணக்கு எல்லாத்தையும் பழைய மெஷின்லயே ஒரு பிடிஎஃப் போட்டு வச்சுக்குங்க, ஃபான்ட் அதுக்குள்ளயே சேந்து வந்துரும். பர்மீஸ்ல சோஜி ஃபான்ட்ல அடிச்ச பழைய லெட்டருக்கும் இதே கூத்துதான், 2019 அக்டோபர்ல நாடே யூனிகோடுங்கற பொது எழுத்துமுறைக்கு மாறிடுச்சு, சோஜி ஃபைல அதுல தொறந்தா எழுத்தெல்லாம் எடம் மாறி நிக்கும், கன்வெர்ட்டர் போட்டுத்தான் சரி பண்ணணும்.

ரெண்டாவது பாஸ்வேர்டு. குரோம் ஃபோல்டரையே தூக்கிட்டுப் போனாலும் அதுல சேவ் பண்ண பாஸ்வேர்டு வராது, பழைய விண்டோஸ் அக்கவுண்டோட சேத்து பூட்டி வச்சிருக்கும். பழைய மெஷின்லயே குரோம்ல கூகுள் அக்கவுண்டோட சிங்க் போட்டு எல்லாம் ஏறிடுச்சான்னு போன்ல பாத்துட்டு அப்புறம் மூடுங்க. ஒன்டிரைவ் வச்சிருக்குறவங்க ஃபைல் பக்கத்துல மேகப் படம் இருந்தா அது உங்க டிஸ்க்லயே இல்லன்னு அர்த்தம், டவுன்லோடு பண்ணிட்டு காப்பி பண்ணுங்க. வைபர்ல வந்த பில்லு, படம் எல்லாம் டாகுமெண்ட்ஸ்குள்ள தனி ஃபோல்டர்ல கெடக்கும், அதையும் ஒரு தடவ பாத்துருங்க.

நம்ம ஊரு கரண்ட்டப் பத்தி சொல்லியே ஆகணும். எப்பவுமே காப்பி, கட் பண்ணவே கூடாது. பழைய யூஎஸ்பி 2.0-ல செகண்டுக்கு முப்பது எம்பி போனாலே பெருசு, நூறு ஜிபிக்கு ஒரு மணி நேரம் ஆகும், சின்னச் சின்ன போட்டோவா இருந்தா இன்னும் இழுக்கும், அதுக்குள்ள கரண்ட் போகாம இருந்தா நீங்க அதிர்ஷ்டசாலி. லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கும், தனி அடாப்டர்ல ஓடுற பெரிய எக்ஸ்டர்னல் டிஸ்க் நடுவுல செத்துப் போகும். அந்த டிஸ்க்க எக்ஸ்ஃபேட்ங்கற முறையில ஃபார்மட் பண்ணியிருந்தா இன்னும் ஆபத்து, என்டிஎஃப்எஸ் கொஞ்சம் தாங்கும். ஃபேட்32-வ நெனச்சே பாக்காதீங்க, நாலு ஜிபிக்கு மேல இருக்குற கல்யாண வீடியோ ஏறவே ஏறாது. நான் எப்பவும் விண்டோஸ்லயே இருக்குற ரோபோகாப்பி தான் போடுவேன், கரண்ட் வந்ததும் அதே கமாண்ட திரும்பக் குடுத்தா ஏற்கனவே போனத விட்டுட்டு மிச்சத்த மட்டும் எடுக்கும்.

பழைய டிஸ்க்ல டிக் டிக்னு சத்தம் வந்தா மட்டும் இது எதையும் செய்யாதீங்க, ஆஃப் பண்ணிட்டு தெரிஞ்சவங்ககிட்ட குடுத்துருங்க, ஓட விட விட மோசமாகும்.

எல்லாம் ஏறுனதும் ஒரு மாசம் பழச அலமாரில வைங்க. அதுக்கப்புறம் விக்கிறதா இருந்தா வெறும் குயிக் ஃபார்மட் பத்தாது, என்ஆர்சி (அடையாள அட்டை) ஸ்கேன், பேங்க் பேப்பர்னு எல்லாத்தையும் திருப்பி எடுத்துரலாம். விண்டோஸ் 10-ல ரீசெட் குடுக்குறப்ப டேட்டாவ சுத்தமா அழிக்கவான்னு ஒரு ஆப்ஷன் வரும், அத ஆன் பண்ணுங்க. பல மணி நேரம் ஓடும், சார்ஜர் போட்டு, கரண்ட் நிலையா வர்ற நேரமாப் பாத்து ஆரம்பிங்க.