சட்டப் பரீட்சையில் ஒரு காணிக் கேள்வி

கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களில் வழக்கு வேலை முடிந்த பிறகு, வாரத்தில் இரண்டு மாலைகள் வெள்ளவத்தையில் சட்டக் கல்லூரி மாணவர்களின் பயிற்சி விடைகளைத் திருத்துகிறேன். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தான். படித்ததெல்லாம் தாளில் இருக்கும், கேட்டதற்கு விடை மட்டும் இருக்காது. அந்த ஒரு குறைக்காக மறுபடியும் பரீட்சை எழுத வேண்டி வருமே என்று மனம் நோகிறது.

போன வாரம் கொடுத்த கேள்வி இது: குமார் தன் தெஹிவளைக் காணியை நிமாலுக்கு விற்பதாக வாய்ப்பேச்சில் ஒப்புக்கொண்டு ஐந்து இலட்சம் ரூபாய் முற்பணம் வாங்குகிறார். பிறகு வேறொருவருக்கு அந்தக் காணியை விற்று உறுதி (விற்பனைப் பத்திரம்) முடித்துக் கொடுக்கிறார். நிமாலுக்கு ஆலோசனை கூறுக. ஒரு மாணவி, ஒல்லாந்தர் காலத்திலிருந்து நம் நாட்டில் வழங்கிவரும் ரோமன் டச்சுச் சட்டத்தின் வரலாற்றையே இரண்டு பக்கம் எழுதியிருந்தார். நிமால் வந்தது மூன்றாம் பக்கத்தில்.

நிமாலுக்குக் காணி கிடைக்குமா என்றுதான் தொடங்க வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், 2ஆம் பிரிவு: காணி விற்பனையும் அதற்கான உடன்படிக்கையும் எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசும் (உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) இரண்டு சாட்சிகளும் பார்க்கக் கையொப்பமிடப்பட வேண்டும். இங்கே இருப்பது வாய்ப்பேச்சு. ஆகவே காணியைக் கேட்க முடியாது. சரி, பணம்? பிறர் பணத்தில் ஒருவர் காரணமின்றி லாபமடைவதை ரோமன் டச்சுச் சட்டம் ஏற்பதில்லை. அந்த அடிப்படையில் முற்பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். பலர் இந்தப் பாதியைத் தொடுவதே இல்லை. உண்மையான கட்சிக்காரர் முன்னால் உட்கார்ந்திருந்தால் முதலில் இதைத்தானே கேட்பார்?

சான்றுச் சட்டத்திலும் இதே குறைதான். பொலிஸாரிடம் சொன்ன குற்ற ஒப்புதல் செல்லாது, 25ஆம் பிரிவு என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். கத்தியைக் கிணற்றடியில் புதைத்தேன் என்று குற்றம் சாட்டப்பட்டவர் சொல்லி, கத்தி அங்கே அகப்பட்டிருந்தால் 27ஆம் பிரிவு வருகிறது. கண்டெடுத்ததோடு நேராகத் தொடர்புடைய பகுதியை மட்டும் நிரூபிக்கலாம். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழான வழக்கு என்றால், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அவருக்கு மேற்பட்டவரிடம் சொன்னது 16ஆம் பிரிவின்படி ஏற்கப்படக்கூடும். நம் ஆட்கள் எத்தனை பேர் அப்படியான ஒப்புதலால் சிறையில் கிடந்தார்கள்! இந்த விதிவிலக்கை நாளைய சட்டத்தரணி ஒருவர் மறக்கவே கூடாது.

பிரிவு இலக்கம் மறந்துபோனால் பதற வேண்டாம். விதியைச் சரியாக எழுதினால் போதும், ஊகித்து ஓர் இலக்கத்தைப் போட்டுவிடாதீர்கள்.

அப்புறம் நேரம். மூன்று மணித்தியாலத்தில் ஐந்து கேள்வி என்றால் ஒன்றுக்கு 36 நிமிடம். முதல் ஆறு நிமிடம் விடை எழுதத் தொடங்காமல், யார் யாரிடம் என்ன கேட்கிறார் என்று ஓரத்தில் குறியுங்கள். அந்த மாணவியை அதே கேள்வியை இப்படி மறுபடி எழுதச் சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை கொண்டுவருவார்.