முதியோர் இல்லத்தில் அலட்சியம் நேர்ந்தால்: கொங்கு நாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு வழக்கறிஞரின் வேண்டுகோள்

தோட்டத்துச் சாளைகளில் (தோட்ட வீடுகளில்) தனித்திருந்த முதியவர்கள் கொலையுண்ட செய்திகள் ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களிலிருந்து அடுத்தடுத்து வந்த பிறகு, பெற்றோரைத் தனியே விட அஞ்சியே கோவைப் பக்கம் ஒரு கட்டண முதியோர் இல்லத்தில் சேர்த்தோம் என்று என்னிடம் வரும் குடும்பங்கள் பல சொல்கின்றன. அந்த முடிவில் குறைகாண எனக்கு ஒன்றுமில்லை. நல்ல முறையில் நடத்தப்படும் இல்லங்களையும் நான் அறிவேன். ஆனால் அங்கே பெற்றோருக்குத் தீங்கு நேர்ந்தபின் இக்குடும்பங்கள் வழக்கறிஞரிடம் வருவதற்கு மாதக்கணக்கில் தயங்குகின்றன என்பதுதான் என்னை வருத்துகிறது.

தயக்கத்துக்குக் காரணம் எப்போதும் ஏறக்குறைய ஒன்றே. "ஏனுங்க வக்கீலய்யா, கேசுன்னு போனா, பெத்தவங்கள ஹோம்ல விட்டுட்டாங்கன்னு ஊருக்கெல்லாம் தெரிஞ்சு போயிருமுங்களே" என்பார்கள். பங்காளிகள் என்ன சொல்வார்கள், சம்பந்தி வீட்டில் எப்படிப் பார்ப்பார்கள் என்ற கவலை, தாயின் முதுகில் இருக்கும் புண்ணை விடப் பெரிதாகிவிடுகிறது. பணம் கட்டி, நம்பி ஒப்படைத்தவர்கள் வெட்கப்பட ஏதுமில்லை என்பதை நான் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த மௌனத்தில்தான் சாட்சியம் அழிகிறது: காயம் ஆறிவிடுகிறது, பதிவேடு மாற்றி எழுதப்படுகிறது, பணியாள் ஊருக்குப் போய்விடுகிறார், கண்காணிப்புக் கேமராவின் பழைய பதிவுகள் மேல் புதியவை ஏறிவிடுகின்றன.

எனவே சட்டப் பிரிவுகளுக்கு முன் சாட்சியத்தைப் பற்றியே விரிவாகச் சொல்கிறேன். படுத்த படுக்கையாக இருப்பவரை ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைப்பது பராமரிப்பின் அடிப்படை நடைமுறை. இடுப்பின் கீழ்ப்பகுதியிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் ஆழமாகப் பரவியிருந்தால் அந்த நடைமுறை கைவிடப்பட்டிருக்கலாம் என்ற கேள்வி எழுகிறது. நோயின் தன்மையாலும் புண் வரலாம் என்பதால் மருத்துவர் கருத்து அவசியம். திடீர் எடைக்குறைவு, மணிக்கட்டில் கட்டிய தடம், காரணம் சொல்லப்படாத எலும்பு முறிவு, பகலெல்லாம் மயங்கிக் கிடக்கும் தூக்கம் ஆகியவையும் அத்தகைய குறிகளே. இவற்றில் எதைக் கண்டாலும் அன்றே தேதி தெரியும்படி படம் எடுத்து, பெற்றோரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, எப்படி நேர்ந்தது என்று அவர்கள் சொல்வதை அவர்கள் வாய்மொழியாகவே விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். "ஏ.ஆர். காப்பி" என்று நீதிமன்றத்தில் நாங்கள் சொல்லும் அந்த ஒரு தாள் பல வழக்குகளைத் தாங்கி நிற்கிறது. மருத்துவரிடம் உள்ள சிகிச்சைப் பதிவுகளின் நகலை நோயாளியோ அவர் சார்பில் உரிமையுள்ளவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் குழும ஒழுங்குமுறை விதிகள் கூறுகின்றன. இல்லத்தின் பராமரிப்புப் பதிவேடு, மருந்து கொடுத்த குறிப்பு, கேமராப் பதிவு ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருக்கும்படி எழுத்து மூலம், ஒப்புகையுடன் பதிவுத் தபாலில் கேளுங்கள். வாட்ஸ்அப் உரையாடல்களையும் குரல் பதிவுகளையும் நீக்காமல் அதே கைபேசியில் வைத்திருங்கள். 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்கும் சான்றிதழுடன் அவற்றை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய முடியும்.

மரணம் நேர்ந்த குடும்பங்களிடம் இதைச் சொல்வது கடினம். ஆயினும் சொல்லியே ஆக வேண்டும். நம் பக்கத்தில் உடலை உடனே சொந்த ஊருக்குக் கொண்டுபோய், சீர் முடித்து, அன்றே எரியூட்டிவிடுவது வழக்கம். சாவில் சந்தேகம் இருந்தால் அதற்கு முன் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து உடற்கூறாய்வு கேளுங்கள். எரியூட்டிய பின் மரணத்தின் காரணத்தை நிறுவ எந்த வழக்கறிஞராலும் எளிதில் இயலாது.

இனி வழிகள். கட்டணம் வாங்கிச் செய்யும் பராமரிப்பு ஒரு சேவை. அதில் அலட்சியமும், நேர்ந்ததை வேண்டுமென்றே மறைப்பதும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாடுகள். பணம் கட்டியவர் மகளாக இருந்தாலும் பராமரிப்பைப் பெற்ற தாயும் நுகர்வோரே; அவர் இறந்துவிட்டால் வாரிசுகள் தொடரலாம். இல்லம் கோவையில் இருந்து, வழக்குத் தொடுக்கும் மகள் ஈரோட்டில் வசித்தால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுச் செய்ய இச்சட்டம் இடம் தருகிறது. இல்லத்துக்குக் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. காலவரம்பு 2 ஆண்டுகள். எல்லோருக்கும் இலவசமாகவே நடத்தப்படும் இல்லங்கள் மட்டும் இவ்வழியில் வாரா.

அடித்தது, அடைத்து வைத்தது, அலட்சியத்தால் மரணம் விளைவித்தது ஆகியவை இந்திய தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி குற்றங்கள். கடைசியில் சொன்னதற்கு 106ஆம் பிரிவு 5 ஆண்டுகள் வரை சிறை விதிக்கிறது. காவல் துறையினரே பல நேரங்களில் நினைவில் கொள்ளாத 357ஆம் பிரிவையும் அறிந்திருங்கள். நோயாலோ உடல் தளர்ச்சியாலோ தன் தேவையைத் தானே பார்த்துக்கொள்ள இயலாத ஒருவரைக் கவனிப்பதாக ஒப்பந்தம் செய்துகொண்டு, வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டால் 3 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். தண்டனை சிறிதுதான், ஆனால் இல்லத்தின் கடமையை இவ்வளவு நேரடியாகச் சொல்லும் பிரிவு வேறில்லை என்பது என் கருத்து.

கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தால் இல்லத்திடமிருந்து இழப்பீடு கிடைக்கும் என்று பலர் நம்புகின்றனர். ஆனால் அவர் தலைமையில் நடக்கும், 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் தீர்ப்பாயம், பிள்ளைகளும் உறவினர்களும் தர வேண்டிய ஜீவனாம்சத்தை விசாரிக்கும் இடம். இல்லத்தின் மீது இழப்பீடு விதிக்க அதற்கு அதிகாரமில்லை. இல்லத்தை ஆய்வு செய்யச் சொல்லும் மனுவை மாவட்ட ஆட்சியருக்கும் மாவட்டச் சமூக நல அலுவலருக்கும் கொடுங்கள். திங்கள்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து மனு ரசீதைப் பெற்றுக்கொள்வது நல்லது.

கையில் பணமில்லை என்று யாரும் ஒதுங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்களும் மாற்றுத்திறனாளிகளும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஆணைக்குழு அலுவலகத்தை நேரில் அணுகலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். முதியோர் உதவி எண் 14567.

பிரச்சினை வெளிப்பட்டதும் சில இல்லங்கள் முன்பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி, இனிப் புகார் ஏதுமில்லை என்று எழுதிய தாளில் கையொப்பம் கேட்கின்றன. அந்த முன்பணம் உங்களுக்கு வர வேண்டிய தொகை. அதை இழப்பீடாகக் கொள்ளக் கூடாது. பெற்றோரை வேறிடத்துக்கு மாற்றுங்கள்; ஆனால் பதிவேடுகளின் நகல் கைக்கு வந்து, வழக்கறிஞர் ஒருவர் அந்தத் தாளைப் படித்துப் பார்க்கும் வரை கையொப்பம் மட்டும் இடாதீர்கள்.