ஸ்பாண்டிலோசிஸ்: கழுத்தில் தேய்ந்தால் காது மந்தமாகுமா?

கழுத்து வலிக்கு எக்ஸ்ரே எடுத்தால், ரிப்போர்ட்டில் அடிக்கடி கண்ணில் படும் சொல் ‘செர்விகல் ஸ்பாண்டிலோசிஸ்’. ‘செர்விகல்’ லத்தீனிலிருந்து வந்தது: கழுத்தைச் சேர்ந்தது. ‘ஸ்போண்டிலோஸ்’ கிரேக்கம்: முள்ளெலும்பு. நூல் நூற்கும் தக்களியின் வட்டுக்கும் கிரேக்கர் இதே சொல்லைத்தான் வைத்திருந்தார்கள். நடுவில் துளையுள்ள வட்டு, பொருத்தம்தான். ‘ஓசிஸ்’ என்ற ஈறு ஒரு கோளாறான நிலையைக் குறிக்கும். பலரும் இதை ‘ஸ்பாண்டிலைட்டிஸ்’ என்றே சொல்கிறார்கள். அது அழற்சி, வேறு நோய்.

தமிழில் ‘கழுத்து எலும்புத் தேய்மானம்’ நிலைத்துவிட்டது. எனக்கு அதில் ஒரு குறை உண்டு. முதலில் தேய்வது எலும்பு அல்ல, எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு. வட்டு நீர் வற்றி ஒடுங்க, எலும்பின் விளிம்போ முள் முள்ளாக வளர்கிறது. தேய்வும் வளர்ச்சியும் சேர்ந்ததுதான் இந்த நோய். எலும்பு, வட்டு இரண்டும் ‘முள்ளந்தண்டு’க்குள் அடங்குவதால் ‘கழுத்து முள்ளந்தண்டுத் தேய்வு’ என்பேன். தலையைக் குனிந்து பிடரியைத் தடவிப் பாருங்கள். கையில் துருத்திக்கொண்டு தட்டுவது பெரும்பாலும் ஏழாவது கழுத்தெலும்பின் முள். ‘முள்’ வந்த காரணம் புரியும்.

சரி, காதுக்கு வருவோம். செவி நரம்பு கழுத்து வழியாகப் போவதே இல்லை. உட்செவியிலிருந்து நேரே மூளைத்தண்டுக்குப் போகிறது. 1895இல் அமெரிக்காவில் டி. டி. பால்மர், ஒருவரின் முள்ளெலும்பை அழுத்திச் சரிசெய்து செவிட்டுத்தன்மையைப் போக்கியதாகச் சொன்னார். முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்யும் ‘கைரோபிராக்டிக்’ வைத்தியமுறை பிறந்த கதை அது. உடற்கூறு அந்தக் கதைக்கு இடம் கொடுக்கவில்லை.

ரத்த ஓட்டம்தான் சந்தேகத்துக்கு இடம் தருகிறது. முள்ளெலும்புத் தமனி கழுத்தெலும்புகளின் பக்கத் துளைகளுக்குள் ஏறி, மூளையின் அடியில் போய்ச் சேர்கிறது. உட்செவிக்கு ரத்தம் கொண்டுபோகும் மெல்லிய தமனி அந்த வழியில்தான் கிளைக்கிறது. அது அடைபட்டால் மாற்று வழி கிடையாது. வளர்ந்த எலும்பு முள் பெரிய தமனியை நெருக்கினால் தலைசுற்றல் வரலாம், அபூர்வமாகக் கேள்திறனும் குறையலாம். ஆனால் கழுத்துத் தேய்வு, காது மந்தம் இரண்டும் வயதானால் வருபவை. சேர்ந்திருப்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. கழுத்தைத் திருப்பும்போது காது இரைச்சல் கூடிக் குறைகிறதே என்பவர்கள் உண்டு. அங்கே கழுத்துக்குப் பங்கு இருக்கலாம்.

அப்புறம் ஒன்று: ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் கழுத்துப் பட்டையை மாட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே காது மருத்துவரிடம் போக வேண்டும். சிகிச்சை சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் கேள்திறன் திரும்ப வாய்ப்பு அதிகம்.